குமிழி ஓடிய பளிங்கு

அந்த அம்மாளை நான் முதலில் பார்த்தது பழனியில், சண்முக நதியில். தைப்பூசக் கூட்டம். கரை முழுக்கக் காவடிகளும் ஈரத் துணிகளுமாகக் கிடந்தன. நான் குளித்து முடித்த பிறகும் கரையேறாமல், முழங்கால் தண்ணீரில் குனிந்து கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பழுப்பாக, ஓரத்தில் மட்டும் வெளிச்சம் விடுகிற ஒரு கல் தண்ணீருக்குள் தெரிந்தது. நான் கை நீட்டுவதற்குள் இன்னொரு கை அதை எடுத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கல்லை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு என் முந்தானையில் இருந்த கற்களைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்களும் கல்லுப் பொறுக்கறவங்களா?" என்றார்.

"எதுக்குக் கல்லைப் பொறுக்குத?" என்றுதான் அதுவரை எல்லாரும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். 'நீங்களும்' என்ற அந்தச் சொல் எனக்கு எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அந்தப் பழுப்புக் கல்லை என் கையிலேயே வைத்துவிட்டார்.

நாங்கள் இருந்தது மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. இரண்டு பேருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி மலையேறிய புதிதில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதுச் சாலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெடி வைத்துப் பிளந்த பாறைக்குள் காக்காப்பொன் அடுக்கடுக்காக மின்னும். மழை விட்டதும் வாய்க்காலில் போய்ப் பார்த்தால், கறுப்பு மணலோடு செம்மணிக் கற்கள், மாதுளம் விதை போல ஒதுங்கிக் கிடக்கும். எடுத்து வந்து ஜன்னல் திண்டில் அடுக்க ஆரம்பித்தேன். அடுக்க இடம் போதாமல் போனபோது, பக்கப் பலகை உடைந்து ஒதுக்கிப்போட்ட ஒரு தேயிலைப் பெட்டியை என் கணவர் தூக்கிவந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருந்த பெட்டி. தேய்ந்துபோன அரம் ஒன்றைக் காய்ச்சி அடித்து, எனக்கென்று ஒரு சின்னச் சுத்தியலும் செய்து கொடுத்தார். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்தவர்கள் என்னைக் கல்லுக்காரி என்று கூப்பிட்டார்கள். அதில் கேலி உண்டு, கெட்ட எண்ணம் இல்லை.

அந்த அம்மாளுக்கு ஊர் பாலக்காட்டுப் பக்கம், சித்தூருக்குக் கிழக்கே. மழை குறைந்த மேட்டாங்காடு. கடலையும் சோளமும் விளைகிற பூமி. பிறந்த வீடு காங்கயத்துப் பக்கம். கணவர் போன பிறகு கொழுந்தனார் குடும்பத்தோடு இருந்தார். உழவுக்குப் பின்னால் நடந்து போனால் கொழு முனையில் என்னென்னவோ கல் புரளும் என்றார். பொறுக்கி வைத்ததை ஒரு தடவை வீட்டில் யாரோ அள்ளிக் கொண்டுபோய்க் கிணற்று மேட்டில் கொட்டிவிட்டார்களாம். அதற்குப் பிறகு தவிட்டுப் பானைக்குள் ஒளித்து வைப்பாராம்.

"மாட்டுக்குத் தவுடு எடுக்கறது நான் மட்டுந்தானுங்க. அதுல வேறொருத்தர் கை வெக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கு மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு வந்து, மடத்து மரத்தடியில் ஒரு துண்டை விரித்து, இரண்டு பேர் கற்களையும் பரப்பினோம். அவர் இடுப்புச் சுருக்குப் பையில் நாலைந்து கற்களை எப்போதும் வைத்திருந்தார். உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்றும் அதில் இருந்தது. கல்லால் அதைக் கீறிப் பார்ப்பார். கீறினால் ஒரு வகை, கீறாவிட்டால் ஒரு வகை. எலுமிச்சம்பழச் சாற்றை ஒரு சொட்டு விட்டு, நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல் என்று ஒதுக்குவேன் நான். அது அவருக்குப் புதிது. உடனே கடைக்கு ஆளனுப்பி எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்லி, எல்லாக் கல்லிலும் விட்டுப் பார்த்தார். என் கணவர் மடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளோடு வந்திருந்த ஊர்ப் பெண்கள், இதென்ன இரண்டு பேரும் தாயம் விளையாடுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒவ்வொரு கல்லையும் எடுத்து, "இது எந்தூருங்க?" என்று கேட்டார் அக்கா. அக்கா என்றுதான் அன்றிலிருந்து கூப்பிட்டேன். அப்படித்தான் இங்கேயும் எழுத வருகிறது.

ஒரு வெள்ளைக் கல்லுக்கு மட்டும் எனக்கு இடம் நினைவில்லை. அவர் அதைத் தனியாகத் தள்ளி வைத்தார்.

"கல்லுக்கு ஊரு வேணுமுங்க அம்மிணி. ஊரு தெரியாத கல்லை நான் வெச்சுக்கறதில்லீங்க. அது ரோட்டுல போட்ட சல்லி மாதிரி."

அது எனக்குச் சரியென்று பட்டது. அதற்குப் பிறகு எந்தக் கல்லை எடுத்தாலும் எடுத்த இடத்தை மனத்துக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொள்வேன்.

அப்படி ஆரம்பித்தது வருஷா வருஷம் நடந்தது. தைப்பூசத்துக்கு நாங்கள் மறையூர் இறங்கி உடுமலை வழியாக வருவோம். அவர் ஊர்க் காவடிக் கூட்டத்தோடு வருவார். சாமியை நினைத்தேனோ இல்லையோ, மார்கழி பிறந்தாலே அக்காவிடம் எதைக் காட்டுவது என்று பெட்டியைக் கிளறத் தொடங்கிவிடுவேன். சின்னக் கற்களை மாற்றிக்கொள்வோம். அவை கொடுத்தால் கொடுத்ததுதான். மற்றபடி, அந்த வருஷத்தில் கிடைத்ததிலேயே நல்ல கல் எதுவோ அதை இரவல் கொடுப்போம். அடுத்த பழனி வரை மற்றவர் வீட்டில் இருக்கும். பிறகு திரும்பிவரும். இந்த ஏற்பாட்டை யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. பிறந்த வீட்டுப் பக்கம் தோட்டத்தில் எடுத்ததாக அவர் ஒரு பச்சைக் கல் வைத்திருந்தார். கடல் தண்ணீரைத் துண்டாக வெட்டியது போல இருக்கும். அது ஒரு வருஷம் முழுக்க என் பெட்டியில் இருந்தது. குளிர்காலத்துக் காலை வெயிலில் ஜன்னலில் வைத்துப் பார்ப்பேன். தை மாதம் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தபோது, பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பாக்கலியாக்கா?" என்றேன்.

"உங்ககிட்ட இருந்ததுதானுங்களே" என்றார்.

மலையில் பெருவெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகுதான் அந்தப் பளிங்கு கிடைத்தது. வெள்ளத்தின்போது எங்கள் எஸ்டேட்டிலும் இரண்டு மூன்று இடத்தில் மலை சரிந்திருந்தது. ஒரு சரிவில் தேயிலைச் செடியெல்லாம் போய், பாறை எலும்பு போலத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவோம். ஒரு நாள் பாறை வெடிப்புக்குள் சுள்ளியை விட்டுச் செம்மண்ணைக் கிளறும்போது விரலில் வழவழப்பான ஒரு பட்டை தட்டுப்பட்டது. மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்து உள்ளே பார்த்தால், கைப்பிடி அளவு பொந்து. அதன் தரையில் ஒரே ஒரு பளிங்கு நட்டுவைத்தது போல நின்றது. ஆறு பட்டை, கூர் முனை. என் நடுவிரல் நீளம், இரண்டு விரல் கனம். அரிக்கேன் விளக்குச் சிம்னியில் லேசாகப் புகை பிடித்தால் எப்படி இருக்கும், அந்த நிறம்.

அடியில் உளி வைத்து என் கணவர்தான் தட்டினார். பாறைத் துண்டோடு பெயர்ந்து வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவும்போது பளிங்கு அந்தத் துண்டிலிருந்து சாய்வாக விண்டு தனியாக வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவர் இரண்டையும் சேர்த்து வைத்துக் காட்டினார். மூடி பொருந்துவது போலப் பொருந்தியது.

"அழாத. ரெண்டும் இருக்குல்லா" என்றவர், பளிங்கை விளக்கருகே கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஏளா, இங்க வா. இதுக்குள்ள ஏதோ ஓடுது" என்றார்.

பளிங்கின் நடுவில் நெல்மணி அளவுக்கு ஒரு பள்ளம். அதற்குள் தண்ணீர். தண்ணீரில் கடுகுபோல ஒரு குமிழி. முனையைக் கீழே இறக்கி, மெதுவாக இடப்பக்கம் சாய்த்தால் குமிழி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும். வேறெப்படிச் சாய்த்தாலும் அசையாது.

"நம்ம ரசமட்டம் மாதிரில்லா இருக்கு" என்றார் அவர். மெஷினை மட்டம் பார்த்து உட்கார வைக்கிறவர் அல்லவா. அந்தத் தண்ணீர் எப்போது உள்ளே போயிருக்கும், மலை உண்டான காலத்திலா என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம். சோறு ஆறிப்போனது.

அந்தத் தைக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அதை வாங்கிச் சாய்த்துப் பார்க்கத் தெரியாமல் திணறினார். நான் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தேன். குமிழி ஓடியதும் அவர் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன். வெகுநேரம் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

"எந்தூருங்க?" என்றார் கடைசியில்.

சரிவைச் சொன்னேன், பொந்தைச் சொன்னேன், அடித்துண்டு வீட்டில் இருப்பதையும் சொன்னேன்.

"இந்த வருசம் இதைக் குடுப்பீங்களா அம்மிணி?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அவருக்குக் கொடுக்க மனமில்லை என்று தெரிந்தது. ஆனால் எங்களுக்குள் இருந்த வழக்கம் அதுதானே. நல்ல கல்லைத்தான் இரவல் கொடுப்பது. இந்தக் கல்லை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றால், அத்தனை வருஷமும் நான் இரண்டாந்தரத்தைக் கொடுத்ததாகிவிடும். பஞ்சில் சுற்றிக் கொடுத்தேன். அக்கா தன் பச்சைக் கல்லை அந்த வருஷம் கொண்டுவரவில்லை. வேறு ஏதோ ஒரு நீலம் பாய்ந்த கல்லைக் கொடுத்தார். அதையெல்லாம் அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு அக்கா வரவில்லை. அவர் ஊர்க் காவடிக் கூட்டத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். உடம்புக்கு முடியவில்லை போல என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தாள். நான் உடம்பைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். கல்லைப் பற்றி என் கணவர்தான் கேட்டார். "அக்கா கையிலதானே இருக்கு" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அந்தக் கோடையில், பொள்ளாச்சிப் பக்கமிருந்து வெல்லமும் பருப்பும் மறையூருக்கு ஏற்றிவருகிற வண்டிக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார். சித்தூருக்குக் கிழக்கே ஒரு கடலைக் காட்டில், கொத்துகிறபோது, உள்ளே தண்ணீர் ஓடுகிற பளிங்கு கிடைத்ததாம். வீட்டில் வைத்துப் பூஜை செய்கிறார்களாம். சனங்கள் வண்டி கட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்களாம். இன்னும் கிடைக்கும் என்று காட்டையே தோண்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

"யார் வீட்டுக் காடு?" என்று கேட்டேன். சொன்னார். அக்கா வீடுதான்.

எனக்கு உடனே கோபம் வரவில்லை. தவிட்டுப் பானையிலிருந்து யாரோ கண்டெடுத்துவிட்டார்கள், வாயைத் திறக்க விடாமல் அக்காவை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். பாவம், அதனால்தான் பழனிக்கு வரவில்லை. நாம் போய்ச் சொன்னால் அவருக்கும் பாரம் குறையும், அந்த மனிதர்களும் வீணாகத் தோண்டுவதை நிறுத்துவார்கள். அப்படி நினைத்துக்கொண்டுதான் என் கணவரை லீவு போடச் சொன்னேன். அவர் அடித்துண்டை எடுத்துத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

உடுமலையில் ரயிலேறிப் பொள்ளாச்சி. அப்போதுதான் அந்தப் பாதையில் ரயில் வந்திருந்தது. அங்கிருந்து வாடகை வண்டி. வெயில் ஏறிய நேரத்துக்கு அவர்கள் காட்டு மேட்டில் இறங்கினோம். கடலை போட வேண்டிய நிலத்தில் பெரிய குழி. ஆட்கள் இறங்கி மண்ணைக் கூடை கூடையாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கல் குவியல். கால் தானாக அங்கே போனது. வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும்தான் கிடந்தன. எங்கள் மலைப் பாறையின் சாடை ஒரு கல்லில்கூட இல்லை. இவர்கள் எத்தனை ஆழம் போனாலும் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் மனசுக்கு என்னவோ செய்தது.

கொழுந்தனார் நல்ல மரியாதைக்காரர். மூணாறிலிருந்து கல்லைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும், "வாங்க, வாங்க. அவ்வளவு தூரத்துல இருந்துங்களா" என்று கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். மோர் வந்தது. கூடத்து மாடத்தில், பித்தளைத் தட்டில், அரிசி பரப்பி அதன் மேல் என் பளிங்கு இருந்தது. ஒவ்வொரு பட்டையிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமப் பொட்டு. அதை நான் கழுவிய கழுவல் எனக்குத் தெரியும். அந்தப் பொட்டை விரலால் துடைத்துவிட வேண்டும் போலிருந்தது.

"எங்க நங்கையா கண்ணுலதானுங்க பட்டுது" என்றார். நங்கையா என்றால் அவர்கள் பக்கம் அண்ணி. "அவங்க பங்குக் காட்டுல கொத்திக்கிட்டு இருக்கறப்ப. உள்ளார தண்ணி ஓடுமுங்க, பாருங்க." எடுத்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். குமிழி அசையவில்லை. "சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. சாமி குத்தம் எதுவோ" என்றார்.

நான் கையை நீட்டினேன். கொடுத்தார். முனையை இறக்கி இடப்பக்கம் சாய்த்தேன். ஓடியது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"இது எங்க கல்லுங்க ஐயா" என்றேன். "எங்க மலைல எடுத்தது. அக்காட்ட இரவலாக் குடுத்தேன். நீங்க வீணா நெலத்தைத் தோண்டிட்டு இருக்கியோ. அதைச் சொல்லத்தான் வந்தோம்."

என் கணவர் பையிலிருந்து அடித்துண்டை எடுத்தார். என் கையிலிருந்த பளிங்கை வாங்கி அதன் மேல் வைத்தார். பொருந்தி நின்றது. இடைவெளியில் ஒரு மயிரிழை நுழையாது. கொழுந்தனார் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். அவர் முகம் கறுத்துவிட்டது. உள்ளே திரும்பி, "நங்கையா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார்.

அக்கா உள் வாசற்படியில் வந்து நின்றார். முன்பைவிட உடம்பு தேறியிருந்தது. நான் எழுந்து நின்றேன். இனி அவர் சொல்லிவிடுவார் என்றே அந்த நிமிஷமும் நம்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொழுந்தனார் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"இவங்க என்னமோ சொல்றாங்களே. உங்களுக்கு இவங்களைத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க தம்பி. பழனில பாப்பேன்."

"இந்த அடித்துண்டு இவங்ககிட்ட எப்படி வந்துதுங்க?"

அக்கா குரலில் ஒரு பிசிறுகூட இல்லாமல் சொன்னார். "ரெண்டும் ஒண்ணாத்தானுங்க வந்துச்சு. அந்தத் துண்டு பாக்க நல்லா இல்லீன்னு பழனியில அம்மிணிக்கு நாந்தான் குடுத்தனுங்க. அவங்களுக்குக் கல்லுன்னா ஆசை. குமிழி எப்படி ஓடும்னும் நாந்தான் காட்டிக் குடுத்தேன்."

எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தத் துண்டுதான். அதை அவர் ஒரு வாக்கியத்தில் தன்னுடையதாக்கிக்கொண்டார். அவர் கையைப் பிடித்து நான் சாய்த்துக் காட்டியதைக்கூட விட்டுவைக்கவில்லை.

கொழுந்தனார் மூச்சு விட்டார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். "அப்படீங்களா" என்றார். என்னிடம் திரும்பியபோது அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. "ஆசைப்பட்டு இத்தனை தூரம் வந்துட்டீங்க. தப்பில்லீங்க. ஆனாச் சாமியா வெச்சுக் கும்பிடறோம். ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டுமுங்க" என்று, அடித்துண்டோடு சேர்த்தே பளிங்கைத் தட்டில் வைத்துவிட்டார்.

"அந்தத் துண்டு எங்களோடது" என்றார் என் கணவர்.

"எங்க நங்கையா குடுத்ததுதானுங்களே. கோவிச்சுக்காதீங்க. சாப்புட்டுட்டுத்தான் போவோணும்."

"எம் பொஞ்சாதி பொய் சொல்ல மாட்டா" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். சாதாரணமாக அதிகம் பேசாத மனிதர். பிறகு என்னைப் பார்த்து, "வா, போவோம்" என்றார். எஸ்டேட் ஆட்கள் அப்படித்தான் என்று பின்னால் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

எங்களைக் கொண்டுவந்த வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். மாட்டுச் சாளைக்குப் பக்கத்தில் காத்து நின்றோம். அக்கா பின்வழியாக வந்தார். கையில் ஒரு சிறு மூட்டை, கடலைக்காய். அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. கீழே வைத்தார்.

"அம்மிணி, எனக்கு இந்த ஊட்டுல என்ன மருவாதின்னு உங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். "எம் பங்கு மேட்டாங்காடு. அதையும் மாத்தி, மூலையில ஒரு பாறையைக் குடுக்கறதாப் பேசிட்டு இருந்தாங்க. இந்தக் கல்லு அதுல வந்துச்சுன்னு சொன்ன பொறவு அந்தப் பேச்சே இல்லீங்க. இப்ப என்னைக் கேட்டுத்தான் எதுவும் நடக்குது. சோத்துக்கு எலை போட்டா மொதல்ல என்னைக் கூப்புடறாங்க."

"எங்கிட்டக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்லாக்கா" என்றேன். "உங்களுக்கே வச்சுக்கிடுங்கன்னு குடுத்திருப்பேன்."

"கேட்டு நீங்க குடுத்திருந்தா, அது உங்க மலைக் கல்லாத்தானுங்களே இருக்கும்" என்றார்.

அவருக்கு நிலம் முக்கியம், அது எனக்குப் புரிந்தது. ஆனால் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் என்னை ஆசை பிடித்தவளாக நிறுத்தியபோது அவருக்கு நாக்கு ஒரு தடவைகூடத் தடுமாறவில்லையே. ஆத்திரம் தாளாமல் அதைக் கேட்டேன்.

"முன்னாடியே நெனச்சு வச்சிருந்தியளா அக்கா, நான் வந்தா இப்படிச் சொல்லணும்னு?"

அவர் தலை குனிந்துகொண்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. "நீங்க வருவீங்கன்னு தெரியுமுங்க. அந்தத் துண்டோடதான் வருவீங்கன்னும் தெரியும்" என்றார். வண்டி ஏறிவிட்டோம். கடலை மூட்டை அங்கேயே கிடந்தது.

ரயிலில் என் கணவர், "போனது போட்டும். சரிவுல இன்னொண்ணு கிடைக்காமலா போவும்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். அந்தச் சரிவில் அதற்குள் எஸ்டேட்டார் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, மண் நிரப்பி, புதுத் தேயிலைக் கன்று நட்டுவிட்டார்கள். பொந்து இருந்த இடம் எதுவென்று எனக்கே சுட்டிக் காட்ட முடியாது. வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டு வந்தது வேறு. பிரித்துக்கூடப் பார்க்காமல் பச்சைக் கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்ட அதே கைதானே இது. அந்த நம்பிக்கை நிஜமா, இல்லையென்றால் அதுவும் எதற்காகவோ செய்ததா?

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். அக்கா அத்தனை வருஷமாக மாற்றிக்கொடுத்த கற்கள் ஒரு பக்கமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் ஓர் இடம் சொல்லியிருந்தார். இது ஆற்றங்கரை, இது கிணறு வெட்டியபோது, இது கோயில் பின்பக்கம். எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு கல்லைக் கையில் எடுத்து, இது எந்தூர் என்று என்னையே கேட்டேன். தெரியவில்லை. அவர் வாயால் கேட்டது தவிர வேறு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. எது மெய், எது பொய் என்று பிரிக்க வழியில்லாததால் மொத்தமும் பொய்யாகிவிட்டது. அத்தனை தைப்பூசமும் சேர்ந்து பொய்யானது போல இருந்தது. லைன் வீட்டுப் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொட்டாங்கல் ஆடுவதற்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். அவர் கடைசியாக இரவல் கொடுத்த அந்த நீலம் பாய்ந்த கல்லை மட்டும் கொடுக்கவில்லை. அது அவருடையது. ஊர்க் காவடிக் கூட்டத்தில் ஒருத்தி மூலம் அடுத்த தையில் திருப்பி அனுப்பினேன். வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். வேறு சொல் ஒன்றும் வரவில்லை.

மறு வருஷம் அந்த வெல்ல வண்டிக்காரரே வந்து சொன்னார். குழியில் பளிங்கு எதுவும் கிடைக்கவில்லையாம். ஆனால் ஆழம் போனபோது பாறை இடுக்கிலிருந்து ஊற்று பீறிட்டுக்கொண்டதாம். அந்தச் சுற்று வட்டாரத்தில் அப்படித் தண்ணீர் எந்தக் கிணற்றிலும் இல்லையாம். கரை கட்டி, மாடு கட்டி நீரிறைக்கிற கவலை பூட்டி, கடலைக் காட்டை நெல் வயலாக்கிவிட்டார்களாம்.

"அந்த அம்மா கைராசின்னு ஊரே பேசுதுங்க. கலியாணம் காச்சின்னா மொதல்ல அவங்களைத்தான் கூப்புடறாங்க" என்றார். கணவரை இழந்தவரை அப்படிக் கூப்பிடுவது எங்குமே நடக்காத காரியம்.

எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வரவில்லை. ஒரு நல்லது நடந்திருக்கிறதே என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. அவர் சொன்ன பொய் ஒரு குடும்பத்துக்கே சோறு போடுகிறது, நான் சொன்ன மெய் கூடத்தில் என்னைத் தலைகுனிய வைத்தது. என் கணவர் வெல்லத்தை எடை போட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

கல் பொறுக்குவதை நான் விடவில்லை. விட முடியும் என்று தோன்றவும் இல்லை. பழனிக்குப் போவதை மட்டும் வேறு மாதத்துக்கு மாற்றிக்கொண்டோம்.

பல வருஷம் கழித்து மறையூரில் காட்டிலாகா ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நடுவயதுக்காரர், மதுரைப் பக்கம். யாரோ சொல்லி, நான் கல் சேர்க்கிறவள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அவரும் சேர்க்கிறாராம். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் செம்மணிக் கற்களை மேசையில் வைத்தார். நல்ல கற்கள். பட்டை கெடாமல், மழுங்காமல் இருந்தன. எங்கே, எந்த ஓடையில், எந்தத் திருப்பத்தில் எடுத்தார் என்று நான் கேட்காமலே சொன்னார். பேசும்போது அவருக்குக் கைகள் நிற்கவில்லை. இப்படிப் பேச ஓர் ஆள் கிடைக்காமல் எத்தனை நாள் இருந்தாரோ.

பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஊதா நிறம் ஓடிய ஒரு பளிங்குக் கொத்தை எடுத்ததும் ஜன்னலுக்கு இன்னும் நெருங்கிப் போனார்.

"இது எங்கேம்மா எடுத்தீங்க?" என்றார்.

அந்தக் கொத்து கிடந்த இடம், அதன் மேல் இருந்த செடி, அன்றைக்குப் பெய்த சாரல் எல்லாம் எனக்குத் தெரியும்.

"ஞாபகமில்லை" என்றேன்.

அவர் இன்னொன்றை எடுத்துக் கேட்டார். அதற்கும் அதையே சொன்னேன். மூன்றாவது கல்லுக்கு அவர் கேட்கவில்லை. காப்பி குடித்தார். என் கணவரோடு சந்தன மரங்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். போகும்போது தன் செம்மணிகளில் ஒன்றை எடுத்து, "வச்சுக்கங்கம்மா" என்று கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் மறுபடி ஒரு தடவை வந்தார். எனக்கு உடம்பு சரியில்லை என்று என் கணவரைச் சொல்லச் சொன்னேன். அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அந்த மனிதர் சாலை இறக்கத்தில் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வரவில்லை.